நெகட்டிவுக்குக் கீழே என்ன விளக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், வீட்டில் கிடக்கும் பழைய நெகட்டிவ்களை நாமே கேமராவில் படம் எடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வது எப்படி என்று முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நல்ல காரியம். அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவிலேயே ரெண்டு பேர் டப்பாவும் கையுமாக என்னிடம் வந்துவிட்டார்கள். ஆனால் பக்கத்தில் முக்கால்வாசி எந்த கேமரா, எந்த லென்ஸ் என்பதிலேயே போய்விட்டது. நெகட்டிவுக்குக் கீழே வைக்கிற வெளிச்சத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: செல்போன் திரையை வெள்ளையாக்கி அதன்மேல் நெகட்டிவை வைத்தால் போதுமாம். அதையே நானும் ஒருகாலத்தில் நம்பி ரெண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எடுத்து, அத்தனையையும் தூக்கிப் போட்டவன். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா சிம்மக்கல் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தார். டிஜிட்டல் வந்து கடையை மூடியபோது மிச்சமானது ரெண்டு ட்ரங்குப் பெட்டி, ஏழெட்டு பிஸ்கட் டின், எல்லாம் நெகட்டிவ். பெரும்பாலும் 120 ரோல், ரோலுக்கு 12 படம், சதுரமாக இருக்கும். ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியின் ‘இந்து’ பிலிம் அதில் நிறைய. அப்புறம் எண்பதுகளுக்குப் பிறகு எடுத்த கலர் 35 எம்.எம். கல்யாணம், காதுகுத்து, சித்திரைத் திருவிழா, பள்ளிக்கூட குரூப் போட்டோ என்று பாதி மதுரை அதற்குள் தலைகீழ் நிறத்தில் படுத்திருக்கிறது. இதை ஸ்கேனரில் போடலாம்தான், ஆனால் நல்ல பிலிம் ஸ்கேனர் இப்போது புதிதாகக் கிடைப்பது கஷ்டம், சாதாரண ஸ்கேனரில் ஒரு படத்துக்கு நிமிஷக்கணக்கில் ஆகும். கேமரா என்றால் ஒரு கிளிக். அதனால் வழி சரிதான். வெளிச்சத்தில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம்.

செல்போனை எடுத்துக்கொள்வோம். நெகட்டிவை நேராகத் திரைமேல் வைத்தால், கிட்டத்தில் வைத்து எடுக்கிற மேக்ரோ லென்ஸுக்கு நெகட்டிவோடு சேர்ந்து அந்தத் திரையின் புள்ளிகளும் தெரியும். கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் கொசுவலை போட்ட மாதிரி ஒரு படம் வரும். சரி, நடுவில் வெள்ளைப் பேப்பரை வைக்கலாமே என்றால், பேப்பரின் நார் தெரியும். நெகட்டிவை ரெண்டு மூணு சென்டிமீட்டர் உயர்த்தி, இடையில் பால் அக்ரிலிக் (பால் நிற பிளாஸ்டிக் பலகை) துண்டு வைத்தால் வலை மறையும், ஆனால் ஏற்கெனவே மங்கலான வெளிச்சம் இன்னும் மங்கிவிடும். ஷட்டரை (கேமராவுக்குள் வெளிச்சத்தை விடுகிற கதவு) அரை நொடி, ஒரு நொடி என்று திறந்து வைக்க வேண்டியிருக்கும். எங்கள் வீடு பழைய மச்சு வீடு, வாசலில் பஸ் போனால் மேசை லேசாக அதிரும். அந்த அதிர்வு ஒரு நொடி ஷட்டரில் அப்படியே பதிந்துவிடும். நான் முதலில் லென்ஸ்தான் மட்டம் என்று நினைத்து லென்ஸை மாற்றினேன், பணம்தான் போயிற்று.

அடுத்து எக்ஸ்ரே பார்க்கிற பெட்டி. டாக்டர்கள் சுவரில் மாட்டியிருப்பார்களே, அதேதான். ஒரு பழைய கிளினிக்கிலிருந்து சும்மாவே கிடைத்தது, பளிச்சென்று பெரிய வெளிச்சம், சந்தோஷமாக இருந்தது. கருப்பு வெள்ளைக்கு ஓரளவு வேலையும் செய்தது. அந்தச் சமயத்தில்தான் உசிலம்பட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவர் வீட்டுக்காரர் இறந்து பல வருஷம் ஆகிறது, பிரிண்ட் எல்லாம் கரையான் தின்றுவிட்டது, அப்பா எடுத்த கலர் நெகட்டிவ் மட்டும் எங்களிடம் இருந்தது. எடுத்து, நிறத்தைத் திருப்பி, திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம், “என்னப்பா தம்பி, அவுக மூஞ்சில பாசி படிஞ்ச மாதிரி இருக்கு?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முகத்தில் பச்சை. அதைச் சரிசெய்யலாம் என்று சிவப்பை ஏற்றினால் வேட்டி ரோஸ் கலராகிறது, வேட்டியைச் சரிசெய்தால் முகம் மறுபடி பாசி.

காரணம் டியூப்லைட். அது நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும், உள்ளே எல்லா நிறமும் ஒரே சீராக இல்லை. வெளிச்சத்தின் ஒவ்வொரு நிறத்துக்கும் நானோமீட்டரில் ஒரு அலைநீள எண் உண்டு. டியூபுக்குள் இருக்கும் பாதரச ஆவி 436 நானோமீட்டரில் ஒரு நீலக் கோடும், 546-ல் ஒரு பச்சைக் கோடும் ஊசி மாதிரி எழுப்பும். மிச்சத்தைப் பூச்சுப் பொடி நிரப்பும், அதிலும் மேடும் பள்ளமும். நம் கண் அதைச் சமாளித்துக்கொள்ளும், நெகட்டிவில் இருக்கும் சாயங்கள் சமாளிக்காது. போதாததற்கு, பழைய சோக் போட்ட டியூப் நொடிக்கு 100 தடவை மினுங்கும், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால். ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் தப்பிக்கலாம். 1/250 என்று வேகமாக வைத்தால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்த படம் மங்கலாக வரும்.

பசங்க படம் வரைகிற ட்ரேசிங் பேட் என்று ஒன்று இருக்கிறது, மெல்லிய எல்.இ.டி. பலகை. ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது என்று இதைத்தான் இப்போது எல்லோரும் வாங்குகிறார்கள். வாங்கினால் ஒன்றை ஞாபகம் வையுங்கள்: வெளிச்சத்தைக் குறைக்கிற பட்டனைத் தொடாதீர்கள். குறைப்பது என்றால் அது உண்மையில் குறைப்பதில்லை, வேக வேகமாக அணைத்து அணைத்துப் போடுகிறது. கேமராவில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் போட்டிருந்தால் படத்தின் குறுக்கே கோடு கோடாக, துவைத்த கைலியை வெயிலில் காயப்போட்ட மாதிரி வரும். சோதிக்க ஒரு சுலப வழி உண்டு. பேட் முன்னால் பென்சிலைப் பிடித்து வேகமாக ஆட்டுங்கள். பென்சில் ஒரே மங்கல் பட்டையாகத் தெரிந்தால் பரவாயில்லை, தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் அந்த விளக்கு மினுங்குகிறது. கடையிலேயே செய்து பார்க்கலாம், கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

மினுங்கலை விடப் பெரிய பிரச்சினை அந்த வெள்ளையின் தரம். வெள்ளை எல்.இ.டி. என்பது 450 நானோமீட்டர் பக்கம் எரியும் நீல விளக்குமேல் மஞ்சள் பொடி பூசியது. மட்டமானதில் ஆழ்ந்த சிவப்பு பஞ்சம், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு பள்ளம். இதை அளக்கத்தான் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் போடுகிறார்கள், முழு மார்க் 100. வீட்டு எல்.இ.டி. பல்பு சாதாரணமாக 80-ல் இருக்கும், பழைய குண்டு பல்பு கிட்டத்தட்ட 100 வாங்கிவிடும். நீங்கள் வாங்குவது 95-க்கு மேல் இருக்கட்டும். அதிலும் ஒரு சூட்சுமம், அந்த எண் 8 நிறங்களின் சராசரி, அதில் அடர் சிவப்பு சேர்த்தியில்லை. அடர் சிவப்புக்குத் தனியாக ஆர்9 என்று ஒரு எண் உண்டு. விவரம் போட்டிருக்கிற கம்பெனி அதையும் போட்டிருக்கும், போடவில்லை என்றால் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வீடியோ எடுப்பவர்கள் வைத்திருக்கும் சின்ன எல்.இ.டி. பேனல் ஒன்று போதும், டவுன் ஹால் ரோடு பக்கம் போனால் கேட்டு வாங்கலாம், நெகட்டிவ் வேலைக்கு என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை.

இனி கருப்பு வெள்ளை ஒரு ஜாதி, கலர் வேறு ஜாதி என்பதைச் சொல்ல வேண்டும், உங்கள் பக்கத்தில் ரெண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். கருப்பு வெள்ளை நெகட்டிவில் இருப்பது வெள்ளித் துகள், அதற்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. எந்த விளக்காக இருந்தாலும் சரி, சீராக இருக்க வேண்டும், பரவலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் “பரவலாக” என்பதில் நிறைய இருக்கிறது. ஒரு புள்ளியிலிருந்து நேராக வரும் வெளிச்சத்தை வெள்ளித் துகள் சிதறடித்துவிடும், அதனால் படத்தில் வெளுப்பும் கருப்பும் கடுமையாகப் பிரியும், ஒவ்வொரு கீறலும் எழுந்து நிற்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அப்பாவின் பென்சில்தான் காட்டிக்கொடுத்தது. அந்தக் காலத்தில் நெகட்டிவ் டச்சிங் என்று ஒரு வேலை உண்டு. அப்பா வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் சாய்வு மேசை போட்டு, கீழே வெள்ளைத் துணி விரித்து, அதில் பட்டு வரும் வெளிச்சத்தில் நெகட்டிவைப் பார்த்தபடி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகச் சுருக்கங்களையும் அம்மைத் தழும்புகளையும் நிரப்புவார். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்ட்டில் வெளுப்பாகும், சுருக்கம் மறையும். நான் ஒருநாள் வெளிச்சத்தைப் பரப்பிவிடும் டிஃப்யூசர் எதுவும் இல்லாமல் சின்ன பல்பை நேராக வைத்து எடுத்தபோது, ஒரு பெரியம்மாவின் முகம் முழுக்க அப்பாவின் பென்சில் கோடுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன, கோழி கிளறிய முற்றம் மாதிரி. அதே நெகட்டிவை பால் அக்ரிலிக் மேல் வைத்து எடுத்தேன், அந்தப் பெரியம்மா முகம் வழவழப்பாக வந்துவிட்டது. அப்பா ஏன் வெயில் நேராக விழாத வடக்கு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

கலர் நெகட்டிவில் அந்த செம்மஞ்சள் நிறம் இருக்கிறதே, அதைப் பார்த்துப் பலர் பிலிம் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கிறார்கள். கெடவில்லை, வேண்டுமென்றே வைத்தது. பிலிமில் இருக்கும் மெஜந்தா (ஊதாச் சிவப்பு), சயான் (பச்சை கலந்த நீலம்) சாயங்கள் சுத்தமானவை அல்ல, தங்களுக்குச் சம்பந்தமில்லாத வெளிச்சத்தையும் கொஞ்சம் விழுங்கும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இந்த நிறம். ஆனால் கேமராவுக்கு இது சங்கடம்: செம்மஞ்சள் வழியே நீலம் கொஞ்சம்தான் ஏறி வரும். கீழே வைக்கிற விளக்கிலும் நீலம் குறைவாக இருந்தால் தொலைந்தது. ஹாலஜன் பல்பு அப்படித்தான். சி.ஆர்.ஐ.யில் முதல் மார்க் வாங்குகிற விளக்கு, ஆனால் 3200 கெல்வின், மஞ்சளோ மஞ்சள் (கெல்வின் எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும், கூடக் கூட நீலமாகும்). நீலத்தை கம்ப்யூட்டரில் இழுத்து ஏற்றும்போது படத்தில் மணல் தூவிய மாதிரி ஆகிவிடும். சூடு வேறு, பிலிம் அப்பளம் மாதிரி வளையும். எண் மட்டும் பார்த்து விளக்கு வாங்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். கலருக்கு 5000-லிருந்து 5500 கெல்வின் வரை உள்ள விளக்குதான் வசதி.

வானத்து வெளிச்சம் எப்படி என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. நீல வானம் நீலமாகவே இருப்பதால் செம்மஞ்சளுக்கு அது தோதுதான், நிறங்களும் முழுசாக இருக்கும். ஒன்றிரண்டு படம் என்றால் மொட்டைமாடிக்குப் போய்விடலாம். ஆனால் 36 படம் எடுப்பதற்குள் ஒரு மேகம் குறுக்கே வரும், பத்தாவது படத்துக்கும் பதினோராவதுக்கும் நிறம் வேறாகும். அப்புறம் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

கலருக்கு இன்னும் ஒரு படி மேலே போகிறவர்கள் வெள்ளை விளக்கே வேண்டாம் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கலர் நெகட்டிவ் நம் கண்ணுக்காகச் செய்த பொருளே அல்ல, பிரிண்ட் பேப்பருக்காகச் செய்தது. பேப்பர் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். சி.ஆர்.ஐ. என்பதோ மனிதக் கண்ணுக்கான கணக்கு. அதனால் 450 (நீலம்), 530 (பச்சை), 660 (சிவப்பு) நானோமீட்டர் பக்கம் குறுகலாக எரியும் மூன்று எல்.இ.டி.களை வைத்து எடுத்தால் நிறங்கள் ஒன்றோடொன்று கலங்காமல் பிரிந்து வரும், திருத்தும் வேலை பாதியாகும். நிக்கானின் கூல்ஸ்கேன் ஸ்கேனர்களிலும் சிவப்பு, பச்சை, நீல எல்.இ.டி.கள்தான் இருந்தன. ஆனால் இதைக் கேட்டுவிட்டு பிறந்தநாள் அலங்காரத்துக்கு ஒட்டுகிற கலர் ஸ்ட்ரிப்பை வாங்கி வந்துவிடாதீர்கள். அதன் சிவப்பு போதிய ஆழமில்லாதது, மூன்று நிறமும் சரியாகக் கலக்காமல் ஓரத்தில் திட்டுத் திட்டாக நிற்கும், மினுங்கவும் செய்யும். ஸ்லைடு, அதாவது நிறம் தலைகீழாகாமல் நேராகவே தெரியும் பிலிம், வைத்திருப்பவர்களுக்கு இது எதுவும் வேண்டாம், ஸ்லைடு கண்ணால் பார்க்கவே செய்தது, அதற்கு நல்ல வெள்ளை விளக்குதான் சரி.

நான் கடைசியில் வந்து நின்றது ஃபிளாஷ். பழைய கேமரா ஃபிளாஷ், கல்யாணங்களில் அப்பா உதவியாளர் தூக்கிக்கொண்டு ஓடியது. தெர்மாகோல் பெட்டி ஒன்று, உள்ளே எல்லாப் பக்கமும் வெள்ளை. ஃபிளாஷை மேலே பார்க்க வைக்காமல் பெட்டியின் சுவரைப் பார்க்க வைத்தேன், பட்டுத் தெறித்து மேலே வரட்டும் என்று. பெட்டியின் வாயில் பால் அக்ரிலிக், போர்டு எழுதுகிற கடையில் வெட்டித் தள்ளிய 3 மில்லிமீட்டர் துண்டு, காசே வாங்கவில்லை. அதற்கு மேல் ரெண்டு விரல்கடை உயரத்தில் நெகட்டிவ். ஃபிளாஷ் வெளிச்சம் பகல் வெளிச்சம் போலவே நிறங்கள் நிறைந்தது, ஆயிரத்தில் ஒரு நொடிகூட நீடிக்காது. வாசலில் பஸ் இல்லை, தேரே போனாலும் படம் அசையாது. ஃபிளாஷின் பலத்தைத் தானியங்கியில் விடாமல் கையால் 1/16 என்று வைத்துவிட்டால் ஒவ்வொரு படமும் ஒரே அளவு. கேமராவில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப்8, ஷட்டர் 1/125, ரா ஃபைல் (கேமரா கை வைக்காமல் அப்படியே பதிகிற கோப்பு). ஒரு தொந்தரவு உண்டு, ஃபிளாஷ் அடிக்கும் வரை பெட்டி இருட்டு, ஃபோகஸ் பார்க்க முடியாது. அதற்கு உள்ளே ஒரு சின்ன எல்.இ.டி. பல்பை ஒட்டி வைத்திருக்கிறேன். கரண்ட் போனாலும் பேட்டரியில் வேலை ஓடும் என்பது மதுரையில் சின்ன விஷயமில்லை.

எந்த விளக்கானாலும் முதலில் நெகட்டிவ் இல்லாமல் வெறும் வெளிச்சத்தை ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நடுவும் மூலையும் ஒரே மாதிரி இருக்கிறதா? மூலை மங்கலாக இருந்தால், நிறத்தைத் திருப்பிய பிறகு அது தலைகீழாகும், படத்தின் நாலு மூலையும் வெளுத்துப்போய் நிற்கும், என்ன ஏது என்று புரியாது. விளக்கின் பரப்பு நெகட்டிவை விட ரெண்டு மூணு மடங்கு பெரிதாக இருக்கட்டும். மிச்சம் இருக்கிற சின்ன வித்தியாசத்தை, அந்த வெறும் படத்தைக் காட்டி லைட்ரூம் மாதிரி மென்பொருளிலேயே கழித்துவிடலாம். நெகட்டிவைச் சுற்றி வெளியே தெரிகிற வெளிச்சத்தைக் கருப்பு அட்டையால் மூடுங்கள், அறை விளக்கை அணையுங்கள், வெள்ளைச் சட்டையில் குனிந்து நிற்காதீர்கள். சிரிப்பாக இருக்கும், என் சட்டையின் பிரதிபலிப்பு ஒரு கல்யாண வீட்டுப் பந்தலுக்குள் விழுந்து கிடந்ததை நானே பார்த்தேன்.

கேமராவும் நல்ல விளக்கும் எல்லோர் வீட்டிலும் இருக்காது. நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, இவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு மூலை மேசை, ஒரு ஸ்டாண்டு, ஒரு நல்ல விளக்கு, கருப்புத் திரை போட்ட சின்ன அறை போதும். பொதுமக்கள் தங்கள் நெகட்டிவைக் கொண்டுவந்து மணிக்கணக்கில் முன்பதிவு செய்து எடுத்துக்கொள்ளலாம். இதை உங்கள் பத்திரிகை ஒருமுறை எழுதினால் காதில் விழும் என்று நினைக்கிறேன். கலர் நெகட்டிவின் சாயம் வெளிறிக்கொண்டே போகிறது, பழைய பிலிமில் புளிக்காடி வாசம் அடித்தால் அது அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், நம் ஊர் வெக்கைக்கு அது வேகமாகவே நடக்கிறது. அதனால் கலரையும், வாசம் வருவதையும் முதலில் எடுங்கள். எடுத்து முடித்ததும் நெகட்டிவைக் குப்பையில் போடச் சொல்லி உங்கள் பக்கத்தில் கடைசியில் ஒரு வரி இருந்தது, தயவுசெய்து அதை மட்டும் யாரும் கேட்காதீர்கள். நான் அப்படிப் போட்டிருந்தால் உசிலம்பட்டி அம்மாவுக்கு மறுபடி எடுத்துக் கொடுத்திருக்க முடியாது.

அவருக்கு ஃபிளாஷ் பெட்டியில் எடுத்துப் பிரிண்ட் போட்டு அனுப்பினேன். போன் செய்தார். “இப்பத்தான் தம்பி அவுக நெறம்” என்றார். அவர் மகள் காதுகுத்து நெகட்டிவ் ஒரு டப்பா என் மேசையில் இருக்கிறது, அடுத்து அதைத்தான் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பழைய ஸ்டுடியோக்காரர் மகன்,
சிம்மக்கல், மதுரை.